தீவகத்தில் இறுகும் தோல்

ஒரு இலட்சம் பேரில் ஓராண்டுக்குள் எத்தனை பேருக்குப் புதிதாக மோர்ஃபியா வருகிறது என்று மேற்கு நாடுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். விடை 0.4க்கும் 2.7க்கும் இடையில் நிற்கிறது. தோலின் ஒரு பகுதி மட்டும் இறுகித் தடித்துப் போகும் இந்த நோய்க்கு ஓரிட ஸ்க்ளெரோடேர்மா என்றும் பெயர் உண்டு. அந்தக் கணக்கை யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவுக்குப் பொருத்தினால், நாலாயிரம் பேரளவில் வாழும் அந்தத் தீவில் மிகக் கூடினால் ஒன்பது வருடத்துக்கு ஒரு புதிய நோயாளி. குறைந்தால் அறுபது வருடத்துக்கு ஒருவர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாவற்றையும் சேர்த்து முப்பதாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வருடமும் ஒருவர் தேறமாட்டார்.

தீவுக்கு நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர் ஒருவர், இந்த நோயை ஒரு தடவைகூடக் காணாமல் இடமாற்றம் பெற்றுப் போய்விடலாம். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அரிய நோய் என்பது ஊருக்குத்தான் அரிது. வந்தவருக்கு அது முழுநேர நோய். அதை முதலில் காண்பவரும் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது வகிட்டுக்குப் பக்கத்தில் மயிர் இல்லாத ஒரு கோட்டைக் கைவிரலால் உணரும் தாய்தான் முதலில் காண்கிறார். கிணற்றடியில் முழுகும்போது தன் வயிற்றில் மினுங்கும் ஒரு திட்டைக் காணும் பெண்ணும் அப்படித்தான். அங்கிருந்து தோல் வைத்திய நிபுணரின் அறை வரையுள்ள வழியில் போகும் காலமே இந்த நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மருந்து இருக்கிறது. அது வளரும் நோயை நிறுத்தும். நோய் தின்று முடித்த தசையையும் எலும்பையும் திருப்பித் தராது.

திட்டு எப்படித் தொடங்குகிறது? பாடநூல்களில், ஓரத்தில் ஊதா நிற வளையம், நடுவில் தந்த நிறத்தில் மினுங்கும் இறுகிய தோல் என்று எழுதியிருக்கும். பக்கத்திலுள்ள படமும் அனேகமாக ஒரு வெள்ளைக்காரரின் தோலாகவே இருக்கும். தீவகத்து மாநிறத் தோலில் அந்த ஊதா வளையம் எடுப்பாகத் தெரிவதில்லை. கபிலமும் கருமையும் கலந்த ஒரு மங்கல்தான் தெரியும். அழற்சியின் சிவப்பும் அப்படியே மறைந்துபோகும். ஆகவே நோய் சுறுசுறுப்பாக வளரும் காலத்தில் அது வெயிலில் கருத்த இடம்போலவோ, எப்போதோ பட்ட காயத்தின் மாறல்போலவோ இருந்துவிடுகிறது. கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது. இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் மற்ற இடத்துத் தோல் மடிந்து வரும். இந்த இடம் வராது. மேலே மயிர் உதிர்ந்திருக்கும், வியர்வை குறைந்திருக்கும். வளரும் திட்டில் தொடும்போது இலேசான சூடும் இருக்கலாம்.

தோலில் ஒரு நிறமாற்றம் என்றதும் தீவகத்து வீடுகளில் மூன்று ஊகங்கள் எழும். முதலாவது தேமல். அது ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. தோல் மென்மையாகவே இருக்கும், சுரண்டினால் மாவுபோல உதிரும், பூசும் மருந்துக்குக் கேட்கும். இரண்டாவது வெண்புள்ளி. அதில் நிறம் பால்வெள்ளையாகப் போகிறதே தவிர, தோலின் தடிப்பு மாறுவதில்லை. மூன்றாவது ஊகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது குட்டம்.

அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் பிற்காலத்தில் இன்னொன்று வந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் நீரால் சூழப்பட்ட நிலத்தில் வைப்பது அன்றைய வைத்தியம். இன்று நிலைமை முற்றாக வேறு. இலங்கையில் தொழுநோய்த் தடுப்பு இயக்கம் 1954இல் தொடங்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு 1995இல் எட்டியது. ஆனாலும் புதிய தொழுநோயாளிகள் நாட்டில் ஒவ்வொரு வருடமும் இனங்காணப்படுகிறார்கள். ஆகவே மங்கிய திட்டு ஒன்றைக் கண்டதும் வைத்தியர் தொழுநோயைப் பற்றி யோசிப்பது சரியே. யோசிக்காமல் விடுவதுதான் பிழை. சோதனையும் எளிது. "கண்ணை மூடு பிள்ளை, தொட்டால் சொல்லு" என்று பஞ்சு நுனியால் திட்டின் நடுவிலும் வெளியிலும் தொட்டுப் பார்ப்பார்கள். தொழுநோய்த் திட்டு விறைத்திருக்கும், தொடுகை தெரியாது. முழங்கையிலோ முழங்காலுக்குக் கீழேயோ நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்படலாம். மோர்ஃபியாவில் தோல் பலகையாக இறுகினாலும் தொடுவது பொதுவாகத் தெரியும். சந்தேகம் நீங்காவிட்டால் தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும். அந்தத் துண்டு கொழுப்புப் படை வரை ஆழமாக இருப்பது முக்கியம்; மேலாக எடுத்த துண்டில் ஆழத்து நோய் தெரியாமல் போய்விடும்.

கெடுதல் சோதனையில் இல்லை, சோதனைக்குப் போகாமல் இருப்பதில் இருக்கிறது. பெரியவர்களில் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு கூடுதலாக வருகிறது. சம்பந்தம் பேசும் வயதில் உள்ள பெண்ணின் உடம்பில் ஒரு திட்டு வந்தால், வீட்டார் அதை வைத்தியருக்குக் காட்டுவதற்கு முன் ஊருக்கு மறைக்கப் பார்ப்பார்கள். கிளினிக் வரிசையில் அயலவர் கண்டுவிடுவாரோ என்ற கவலை சின்னக் கவலை அல்ல, குறிப்பாக எல்லோரும் எல்லோருக்கும் ஏதோவொரு வழியில் உறவாக இருக்கும் ஒரு தீவில். இந்த நோய் தொற்றாது என்பதை முதல் நாளே, வீட்டார் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடுவது பாதி வைத்தியம்.

இதன் வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தற்செயல் உறவு உண்டு. தோல் இறுகும் நோயைப் பற்றிய முதல் விரிவான விவரணத்தை நேபிள்ஸ் நகர வைத்தியர் கார்லோ குர்சியோ 1753இல் வெளியிட்டார். பிரான்சில் ஜின்ட்ராக் அதற்கு ஸ்க்ளெரோடேர்மா என்று பெயர் வைத்தது 1847இல். அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். லண்டனில் தோமஸ் அடிசன் ஓரிடத்தில் மட்டும் தோல் இறுகும் வகையை 1854இல் விவரித்தார். 1868இல் இராஸ்மஸ் வில்சன் அதை மோர்ஃபியா என்றார். அந்த ஆண்டுகளில் கிறீன் மானிப்பாயில் உட்கார்ந்து உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 1860களில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தின் பெறுமதி, கீழே மெதோட்ரெக்சேட் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

தோலுக்குள் நடப்பது என்ன? உடம்பின் காவல் ஒழுங்கு தன் சொந்த இழையத்தையே பகையாக எண்ணித் தாக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. முதலில் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதப்படுகிறது. அங்கே டி வகை வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. இது அழற்சிக் கட்டம். அந்த அணுக்கள் விடும் வேதிச் செய்திகள், அவற்றில் டிஜிஎஃப் பீட்டா என்பது முக்கியமானது, நார்களை உண்டாக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. அவை கொலாஜன் நாரை அளவுக்கு மீறி நெய்து கொட்டுகின்றன. வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் அந்த நாருக்குள் நெரிபட்டுப் போகின்றன. கடைசியில் அழற்சி அடங்கி, மெலிந்து கறுத்த தோல் மிஞ்சுகிறது. அழற்சிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து வேலை செய்யும். மெலிவுக் கட்டத்தில் கொடுத்தால் பக்கவிளைவு மட்டுமே மிச்சம். ஆகவே தோல் வைத்தியர் திட்டின் பரப்பைவிட, அது இன்னும் வளர்கிறதா என்பதையே துருவித் துருவிக் கேட்பார்.

ஏன் தொடங்குகிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. பரம்பரையில் ஒரு சாய்வு, அதன்மேல் வெளியிலிருந்து ஒரு தூண்டல் என்பதுதான் இன்றைய விளக்கம். மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு அந்த இடத்திலேயே இது வருகிறது. உண்ணிக்கடியால் பரவும் பொரேலியா கிருமியை ஐரோப்பாவில் நெடுங்காலம் சந்தேகித்தார்கள்; சான்று உறுதிப்படவில்லை. காயமும் உராய்வும் பட்ட இடத்தில் நோய் தொடங்குவது பற்றிய சான்று கொஞ்சம் பலமானது. அமெரிக்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அடிபட்ட, வெட்டுப்பட்ட, அல்லது உடுப்பு இறுக்கிய இடத்தில் திட்டு வந்திருந்தது. இடுப்புப் பட்டி படும் இடம் அதில் ஒன்று. உள்பாவாடை நாடாவை வருடக்கணக்காக ஒரே வரியில் இறுக்கிக் கட்டும் பெண்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. நாடா கட்டும் எல்லோருக்கும் இந்த நோய் வராது. ஆனால் வந்தவர் நாடாவை அகலமாக்கி, இடம் மாற்றித் தளர்த்திக் கட்டுவது செலவில்லாத புத்தி.

இணையத்தில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. புங்குடுதீவில் ஒரு தங்கச்சிக்குத் திட்டு என்றால், அன்றிரவே ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் உள்ள அண்ணன்மாரும் சித்திமாரும் ஸ்க்ளெரோடேர்மா என்று தட்டிப் பார்த்துவிட்டு வட்ஸ்அப்பில் அழத் தொடங்குவார்கள். அவர்கள் வாசித்தது வேறு நோயைப் பற்றி. விரல்கள் குளிரில் வெளுத்து, முகம் இறுகி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் உடல் முழுவதுக்குமான ஸ்க்ளெரோடேர்மா ஒன்று உண்டு. உயிராபத்து உள்ளது அதுதான். மோர்ஃபியா அந்த நோயாக மாறுவது மிக மிக அரிது. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று, போக்கு வேறு.

அதற்காக மோர்ஃபியா தோலோடு நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் பாதுவாவில் வகுத்த பிரிவு முறை இதை ஐந்தாக்குகிறது. பெரியவர்களில் அதிகம் வருவது வட்டத் திட்டு. நாலைந்து வருடத்தில் தானாகவே இளகி, ஒரு கரிய அடையாளத்தை விட்டுப் போகும். அழகைக் கெடுக்குமே தவிர ஆளைக் கெடுக்காது. உடம்பின் பல பகுதிகளில் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய திட்டுகள் வருவது பரவிய வகை. ஆழத்தில் எலும்பு வரை இறுக்கும் கொடிய வகை மிக அபூர்வம். கலந்து வருவது இன்னொன்று. பிள்ளைகளுக்கு அதிகம் வருவதும், கைவிட்டால் வாழ்நாள் ஊனத்தை விடுவதும் கோட்டு வகை.

கோடு காலில் இறங்கினால், அது கடக்கும் மூட்டு மடங்காமல் இறுகும். வளரும் வயதில் அந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளராமல் கட்டையாகவும் மெலிவாகவும் நின்றுவிடும். நெற்றியில் வந்தால் புருவத்துக்கு மேலிருந்து உச்சந்தலை நோக்கிக் குழிந்து ஓடும். வாளால் வெட்டிய தழும்புபோல இருப்பதால் பிரெஞ்சு வைத்தியர்கள் அதற்கு வாள்வெட்டு என்றே பெயர் வைத்தார்கள். ஷெல் துண்டு கீறிய தழும்புகளோடு ஒரு தலைமுறையே வாழும் மண்ணில், நெற்றிக் குழிவு ஒன்றை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் நெற்றியில் காயமே படாமல் வந்த தழும்பு என்றால்தான் கேள்வி வர வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் கொழுப்பும் தசையும் எலும்பும் வற்றிப்போகும் நிலையும் இதற்கு நெருங்கிய உறவு. 1825இல் பாரியும் 1846இல் ரொம்பேர்க்கும் அதை விவரித்தார்கள்.

பல நாடுகளிலிருந்து 750 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2000களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. நோய் தொடங்கிய சராசரி வயது ஏழு. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குக் கோட்டு வகை. ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்குத் தோலுக்கு வெளியிலும் ஏதாவது கோளாறு: மூட்டு வீக்கம் முதலிடம், அடுத்து வலிப்பு, தலைவலி போன்ற நரம்புக் கோளாறுகள்; கண் கோளாறும் உண்டு. முகத்தில் கோடு உள்ள பிள்ளைக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்தால் கண் சிவக்காமலும் வலிக்காமலும் இருக்கலாம். பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டாலும் கண் வைத்தியரின் விளக்குச் சோதனைக்கு ஒழுங்காகக் கொண்டுபோக வேண்டும் என்பது இதனால்தான். அந்த ஆய்வில் மனதை உறுத்தும் எண் இன்னொன்று. நோய் தொடங்கியதிலிருந்து இனங்காணப்படும் வரை சராசரியாக 1.6 வருடங்கள் கழிந்திருந்தன. அதுவும் பெரிய நகரங்களின் சிறப்பு வைத்தியசாலைகளில் எண்ணியது.

இனி வைத்தியம். இங்கேதான் கடல் குறுக்கே வருகிறது.

ஒன்றிரண்டு மேலோட்டமான திட்டுகளுக்குப் பூச்சு மருந்து போதும். வீரியமான ஸ்டீரோயிட் களிம்பைச் சில வாரங்களுக்குப் பூசுவார்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும் என்பதால் அதற்கு எல்லை உண்டு. 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பும், கல்சிபொட்ரியோல் களிம்பை இரவில் பூசி மூடிக் கட்டுவதும் சிறு ஆய்வுகளில் பலன் தந்தவை. இவையெல்லாம் நெடுந்தீவில் இருந்தபடியே செய்யக்கூடியவை. களிம்பைக் கண்ட இடத்தில் வாங்கிக் கண்டபடி பூசுவதுதான் பிரச்சினை. நிறம் வெளுக்கவென்று கடைகளில் கிடைக்கும் கிறீம்களில் ஸ்டீரோயிட் ஒளிந்திருப்பது தோல் வைத்தியர்களின் நாளாந்தத் தலையிடி.

அடுத்தது ஒளிச் சிகிச்சை. புற ஊதாக் கதிரின் ஏ-ஒன் எனப்படும் பகுதி தோலின் ஆழத்துக்குப் போய், கொலாஜனை வெட்டும் நொதியைத் தூண்டுகிறது. குறுகிய அலைப்பட்டை பி கதிரும் உதவுகிறது. ஜெர்மனியில் 64 நோயாளிகளிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டபோது மூன்றும் பலன் தந்தன. நடுத்தர அளவு ஏ-ஒன் பி கதிரை வென்றது. சிகிச்சை நன்று, அதன் நேர அட்டவணை தீவகத்துக்கு எழுதப்பட்டதல்ல. வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை, மொத்தம் முப்பது, நாற்பது அமர்வுகள். நெடுந்தீவிலிருந்து ஒருவர் ஒளி பெறப் போவதென்றால் காலைப் படகில் ஒரு மணித்தியாலக் கடல், குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணத்துக்குப் பஸ், வைத்தியசாலையில் சில நிமிட ஒளி, திரும்பும் படகைத் தவறவிடாமல் ஓட்டம். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மாதம். கூலி வேலை செய்பவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இது நடக்காத காரியம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் படகே ஓடாத நாட்கள் வரும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தீவில் வெயிலையே ஒளிச் சிகிச்சையாக்கினால் என்ன? இதைக் கேட்பவர்கள் உண்டு, கேள்வியும் முட்டாள்தனமானதல்ல. சூரிய ஒளியில் ஏ-ஒன் கதிர் இருக்கவே செய்கிறது. ஆனால் கூடவே வரும் பி கதிர் சுட்டுவிடும். அளவும் கையில் இல்லை. இங்கே நாட்டு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் கார்போகரிசி பெயர்பெற்றது. அதிலுள்ள சொராலென் என்ற பொருளின் குடும்பத்தைச் சேர்ந்ததையே மேலை வைத்தியமும் புற ஊதா ஒளியோடு சேர்த்துப் பாவிக்கிறது. ஆகவே பரியாரியாரின் மருந்தில் சத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. சத்து இருப்பதே ஆபத்து. கார்போகரிசி பூசிய தோலில் தீவகத்து நண்பகல் வெயில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகும், இறுகிய தோலில் அந்தப் புண் ஆறுவதும் கடினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவமும் மேலை மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன; இரு தரப்பாரும் ஒரே நோயாளியைப் பற்றிக் கதைத்துக்கொண்டால் இப்படியான புண்களைத் தவிர்க்கலாம். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கோட்டு வகைக்கும், பரவிய வகைக்கும், ஆழமான வகைக்கும் களிம்பும் ஒளியும் போதாது. அவற்றுக்கு உள்மருந்து, அதில் முதலிடம் மெதோட்ரெக்சேட்டுக்கு. இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ சூலியானின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த நோயின் வைத்தியத்தில் ஒரு திருப்பம். 70 பிள்ளைகள், எல்லோருக்கும் முதல் மூன்று மாதம் பிரெட்னிசோன், ஒரு பகுதியினருக்குக் கூடவே வாராவாரம் மெதோட்ரெக்சேட், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 70.8 சதவீதமானோருக்கு நோய் மீண்டும் கிளம்பியது. மெதோட்ரெக்சேட் எடுத்தவர்களில் அது 32.6 சதவீதம். ஐரோப்பிய நிபுணர்கள் 2019இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையே முன்வைக்கின்றன: உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 15 மில்லிகிராம் வீதம் வாரத்துக்கு ஒரு தடவை, நோய் அடங்கிய பிறகும் குறைந்தது ஒரு வருடம்.

இந்த மருந்து பழையது, விலை குறைந்தது, வாதநோய்க்காகப் பல ஆண்டுகளாகப் பாவனையில் உள்ளது. தீவகத்துக்கு மிகப் பொருத்தமான மருந்தும் இதுவே. வீட்டிலிருந்து விழுங்கலாம், தினமும் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மற்ற மாத்திரைகள் தினமும் எடுப்பவை. இது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தவறிப்போய்த் தினமும் எடுத்தவர்களின் எலும்பு மச்சை நலிந்து, வாய் புண்ணாகி, உயிரும் போயிருக்கிறது. உலகெங்கும் பதிவான தவறு இது. "கிழமைக்கு ஒண்டு" என்று வாயால் சொல்லிவிட்டு, பைக்கற்றில் ஆங்கிலத்தில் கிறுக்கிக் கொடுத்தால் போதாது. நாளின் பெயர் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சைவ வீடானால் வெள்ளிக்கிழமை என்று வைக்கலாம். விரதமும் கோயிலும் நினைவூட்டும். ஊர்காவற்றுறை, கரம்பன் பக்கத்துக் கத்தோலிக்க வீடானால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. போலிக் அமிலத்தை வேறொரு நாளில் எடுக்கச் சொல்வார்கள். கிறீன் மானிப்பாயில் பட்ட பாட்டின் அருமை இந்த ஒரு மாத்திரையிலேயே புரியும்.

இன்னும் சில நிபந்தனைகள். கல்லீரலை வருத்தும் மருந்து என்பதால் பனங்கள்ளும் சாராயமும் கூடாது. எடுப்பவரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சொல்லமாட்டார். கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். கலியாணம் நிச்சயமானால் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லி, கர்ப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இதனோடு சேர்ந்தால் ஆபத்து. பல்வலிக்கும் முதுகுவலிக்கும் வாங்கிப் போடும் வலிமாத்திரையையும் கேட்டே எடுக்க வேண்டும். மருந்து சிறுநீரகத்தால் வெளியேறுவதால் உடம்பில் நீர் வற்றக்கூடாது. கிணறுகள் உவர்த்துக் கிடக்கும் தீவுகளில், நல்ல தண்ணீரை அளந்து குடிக்கும் வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முக்கியமானது இரத்தச் சோதனை. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இதற்கு நோயாளியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்ற விதி எதுவும் மருத்துவத்தில் இல்லை. இரத்தத்தை நெடுந்தீவிலோ நயினாதீவிலோ காலையில் எடுத்து, அதே படகில் ஒரு குளிர்ப்பெட்டியில் அனுப்பினால் அன்றைக்கே ஆய்வுகூடம் போய்ச் சேரும். முடிவைத் தொலைபேசியில் சொல்லலாம். ஆள் கடல் கடப்பதைவிடக் குழாய் கடல் கடப்பது மலிவு. வாதநோய், நீரிழிவு, சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே பெட்டி உதவும் என்பதால், வருடத்துக்கு ஒருவர்கூடத் தேறாத மோர்ஃபியாவுக்காக இவ்வளவு ஏற்பாடா என்ற கேள்வியும் எழாது.

திட்டு வளர்கிறதா என்று அறிவதற்கும் அதேபோல எளிய வழிகள் உள்ளன. நிபுணர்கள் லோஸ்காட் என்ற புள்ளி முறையால் உடம்பைப் பகுதி பகுதியாக அளக்கிறார்கள். வீட்டில் ஒரு தெளிவான பொலித்தீன் தாளைத் திட்டின்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, திகதி எழுதி வைத்தால் போதும். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கைத்தொலைபேசியால் படம் எடுக்கலாம். தீவு வைத்தியர் அந்தப் படங்களை நிபுணருக்கு அனுப்பினால், எந்த நோயாளி உடனே வர வேண்டும், யார் மூன்று மாதம் பொறுக்கலாம் என்று பிரிக்க முடியும். ஒன்றைப் படம் காட்டாது: இறுக்கம். அதற்குக் கை வேண்டும்.

மெதோட்ரெக்சேட் கேட்காதவர்களுக்கு மைக்கோபினோலேட் இருக்கிறது. அபட்டாசெப்ட், ஜாக் தடுப்பு மருந்துகள் பற்றிய சிறு அளவிலான நற்செய்திகள் வருகின்றன. அவை விலை கூடியவை, சான்று இன்னும் இளசு. ஒருகாலத்தில் நம்பிக்கையோடு கொடுத்த வாய்வழிக் கல்சிட்ரியோல், கட்டுப்பாட்டு ஆய்வில் வெறும் மாத்திரையை வெல்லவில்லை. ஆகவே பழைய மருந்துச் சிட்டையைக் காட்டி அதையே திரும்பக் கேட்பதில் பயனில்லை.

மருந்தோடு அங்க அசைவுப் பயிற்சியும் போக வேண்டும். முழங்காலைக் கடந்த கோடு உள்ள பிள்ளை தினமும் காலை நீட்டி மடக்காவிட்டால், நோய் அடங்கிய பிறகும் கால் வளைந்தே நிற்கும். இதற்குப் படகும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு தடவை உடற்பயிற்சி வைத்தியர் தாய்க்குக் காட்டிக் கொடுத்தால் போதும். கால் நீளம் குறைந்தால் செருப்பின் அடியை உயர்த்தலாம். நெற்றிக் குழிவுக்கு உடம்பின் வேறிடத்திலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்பும் சத்திரசிகிச்சை நன்கு பலன் தருகிறது. ஆனால் நோய் முற்றாக அடங்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும், அவசரப்பட்டால் நிரப்பியதையும் நோய் தின்றுவிடும்.

மருந்து நிறுத்திய பின்னும் கதை முடிவதில்லை. நெதர்லாந்தில் 344 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெரியவர்களாகி வந்தவர்களில் 17 பேருக்கும் அது திரும்பி வந்தது. சிலருக்குப் பல வருடங்கள் கழித்து. அதற்குள் தீவகத்துப் பிள்ளை கனடாவிலோ சுவிஸிலோ இருக்கக்கூடும். அங்குள்ள வைத்தியருக்கு நெடுந்தீவும் தெரியாது, ஏழு வயதில் என்ன நடந்தது என்பதும் தெரியாது. பழைய கிளினிக் கொப்பியில் அவருக்குத் தேவையானவை நாலே விடயங்கள்: எந்த வகை என்ற முடிவு, தோல் துண்டுச் சோதனையின் அறிக்கை, மெதோட்ரெக்சேட் தொடங்கிய திகதியும் அளவும், நிறுத்திய திகதி. கடவுச்சீட்டோடு அந்தக் கொப்பியின் படப்பிரதியையும் பையில் வைத்து அனுப்புவது தாய்மார் கையில் இருக்கிறது.